‘பூச்சில் சரியாகிவிடும்’

வீடு கட்டுவோர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார், பொதுப்பணித் துறையில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற தஞ்சாவூர்ப் பொறியாளர்.

கேள்வி: பேராவூரணியிலிருந்து சேதுபாவாசத்திரம் போகும் வழியில் எங்கள் ஊர். 2018 கஜா புயலில் ஓட்டு வீடு போய்விட்டது. ஆறு வருடம் கொட்டகையில் இருந்துவிட்டு இப்போதுதான் 1,050 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். தூண் கிடையாது; 9 அங்குலச் சுவரின் மேலேயே தளம். கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். ஒப்பந்தம் எடுத்திருப்பவர் அவருடைய பெரியப்பா மகன், எனக்கு மூத்தார் முறை. சுவர், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கல் ஒரே மாதிரி இல்லை. சில கற்கள் வெளிறிப்போய், கையால் அழுத்தினாலே முனை உதிர்கிறது. சாயங்காலம் மேற்குச் சுவரில் கல்லுக்கு இடையே வெயில் ஊசி ஊசியாக உள்ளே வருகிறது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் அந்தச் சுவர் ஒரு கட்டைவிரல் அகலம் வெளியே சாய்ந்திருக்கிறது. கேட்டால் “பூச்சில் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார். அடுத்த தவணை 4 லட்சம் கேட்கிறார். “சொந்தக்காரனிடம் என்ன கணக்கு” என்கிறார் மாமியார். பணத்தைக் கொடுத்துவிடட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பேராவூரணி வட்டம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. காரணத்தை விவரமாகச் சொல்கிறேன்.

“பூச்சில் சரியாகிவிடும்” என்பதை என் வேலைக் காலத்தில் எத்தனை மேஸ்திரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பூச்சு என்பது உள்பக்கம் 12 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 15 மில்லிமீட்டர். அதற்குள் எதை மறைக்கலாம், எதை மறைக்க முடியாது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர்நாடி.

வெயிலிலிருந்து தொடங்குவோம். ஒரு வரிசையில் இரண்டு கல்லுக்கு நடுவே நிற்கும் சந்து, சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவிப் போகிறது. அதை நிரப்ப வேண்டுமானால் ஒவ்வொரு கல்லுக்கும் பக்கவாட்டில் சாந்து அப்பி, பக்கத்துக் கல்லோடு நெருக்கி அமுக்க வேண்டும். உங்கள் கொத்தனார் அப்படிச் செய்யவில்லை. கல்லை வரிசையாக அடுக்கிவிட்டு, மேலே சாந்தைக் கொட்டிக் கரணையால் இழுத்துவிட்டிருக்கிறார். சந்தின் வாயில் அரை அங்குலத்துக்குச் சாந்து நிற்கிறது. அதற்குக் கீழே வெறும் பொந்து. காலையிலும் நடுப்பகலிலும் இது யார் கண்ணுக்கும் படாது. சூரியன் தாழ்ந்து, வெளிச்சம் படுக்கையாக வரும்போது மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் மாலையில் போய் நின்று பார்த்தீர்களே, அதுதான் மேற்பார்வை.

மேற்குச் சுவரை வெயில் காட்டிவிட்டது. மற்ற மூன்று சுவர்களை யார் காட்டுவது? இன்று இருட்டியபிறகு பிள்ளைகளில் ஒருவரை டார்ச் விளக்கோடு உள்ளே நிறுத்துங்கள். விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்து ஒவ்வொரு வரிசையாக நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே சாக்கட்டியோடு நின்று, வெளிச்சம் கசியும் இடத்திலெல்லாம் ஒரு வட்டம் போடுங்கள். ஒரு சுவருக்கு ஐந்தாறு வட்டம் என்றால் கவலை இல்லை. அந்தச் சந்துகளைக் கம்பியால் சுரண்டி, நன்றாக நனைத்து, ஒன்றுக்கு மூன்று கலவையை (ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல்) இரண்டு பக்கமிருந்தும் திணித்து அடைத்துவிடலாம். பூச்சுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். சுவர் முழுக்க அம்மை போட்டது போல வட்டம் விழுந்தால் விஷயம் வேறு.

அடுத்தது கல். வெளிறிப்போய் உதிர்கிற கல் என்றால் வேகாத கல்தான். நம் பக்கத்துக் காளவாயில் கல்லைக் கூம்பாக அடுக்கி, அடியில் விறகு வைத்து எரிக்கிறார்கள். நெருப்புக்கு நேர் மேலே இருப்பது உருகிக் கறுத்துக் கோணிவிடும். நடுவில் இருப்பது பதமாக வேகும். ஓரத்தில் இருப்பது பாதி வெந்து நிற்கும். காளவாய்க்காரர் நேர்மையானவராக இருந்தால் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து விலை வைப்பார். உங்கள் மூத்தார் பிரிக்காத கல்லை மலிவாக இறக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நினைப்பது போதாது, நிறுத்துப் பாருங்கள். குவியலின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து கல் எடுங்கள். நல்லதாகப் பொறுக்கவும் வேண்டாம், மட்டமாகப் பொறுக்கவும் வேண்டாம். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 24 மணி நேரம் அண்டாத் தண்ணீரில் முழுக மூழ்கவிட்டு, எடுத்துத் துடைத்து, மறுபடி நிறுங்கள். சாதாரணச் சுட்ட செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 1077). 3 கிலோ கல் ஊறியபின் 3 கிலோ 600 கிராமுக்குள் நிற்க வேண்டும். 2 கிலோ 800 கிராம் இருந்த கல் 3 கிலோ 500 ஆகிவிட்டதென்றால் அது 25 சதவீதம். அந்தக் கல் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். அண்டாவின் அடியில் செம்மண் குழம்பு தேங்கியிருந்தால் தராசே தேவையில்லை.

வேகமான சோதனைகளும் உண்டு. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மட்டைச் சத்தம் வந்தால் வேகவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டால் உடையக் கூடாது. எழுத்தில் சான்று வேண்டுமென்றால் அரசு பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் விசாரித்து, கட்டணம் கட்டி ஐந்து கல்லை நசுக்கிப் பார்க்கலாம். தர நிர்ணயத்தின் கடைசி வகுப்புக் கல்லே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்க வேண்டும்.

உங்கள் வீட்டில் தூண் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தூணும் உத்திரமும் போட்ட வீட்டில் செங்கல் வெறும் அடைப்பு. கல் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் தளம் தலையில் விழாது. உங்கள் வீட்டிலோ தளத்தின் பாரம் முழுவதும் அந்தக் கல்லில்தான் இறங்குகிறது. அதனால்தான் நான் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்ட கல்லை என்ன செய்வது? ஆணியும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு சுவர் சுவராகப் போங்கள். ஆணிக்குக் குழைந்து கொடுக்கும் கல்லிலெல்லாம் பெருக்கல் குறி போடுங்கள். அடிமட்டத்து நாலைந்து வரிசைகளை இன்னும் கவனமாகப் பாருங்கள், தரை ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான். பத்துக்கு ஒன்று என்றால் அதை மட்டும் பெயர்த்துவிட்டு நல்ல கல் செருகலாம். பத்துக்கு மூன்று, நான்கு என்றால் அந்தச் சுவரை இறக்கிவிட வேண்டியதுதான். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் அனுபவக் கணக்கு.

அதே ஆணியால் சாந்தையும் கீறுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஆன சுவரில் சாந்து ஆணியை எதிர்க்க வேண்டும். பொரிமாவு போல உதிர்ந்தால் ஒன்று சிமெண்ட் குறைவு, அல்லது மணலில் தூசி, அல்லது கல்லை ஊறவைக்கவில்லை. கல்லை ஊறவைத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஊறவைத்திருக்க மாட்டார்கள். காய்ந்த கல் சாந்திலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் போன சிமெண்ட் இறுகாது. கல்லைத் தொட்டியில் போட்டுக் குமிழி அடங்கும்வரை விட வேண்டும். மேலோட்டமாகக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சுவது கணக்கில் சேராது. கட்டியபின் 7 நாளாவது சுவர் ஈரமாக இருக்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சேதுபாவாசத்திரம் பக்கம் என்கிறீர்கள், கடற்கரை ஓரம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? கரித்தால் கலவைக்கும் வேண்டாம், நனைப்புக்கும் வேண்டாம். லிண்டலிலும் தளத்திலும் கம்பி இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் லிண்டல் போடுங்கள்.

இனி சாய்வு. செங்கல் கட்டுவேலைக்கான விதிமுறை (ஐ.எஸ். 2212) 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டர் வரைதான் சாய்வை அனுமதிக்கிறது. உங்கள் சுவர் இப்போது 7 அடி. அதற்கு நாலைந்து மில்லிமீட்டர் மன்னிக்கலாம். கட்டைவிரல் அகலம் என்றால் 20 மில்லிமீட்டர். இதைப் பூச்சில் நிமிர்த்த வேண்டுமானால் ஒரு பக்கம் 35 மில்லிமீட்டர் சாந்து அப்ப வேண்டும். அவ்வளவு கனத்தை ஒரே நடையில் அப்பினால் அன்றே தொங்கும். இரண்டு நடையாக அப்பினால் சில வருடத்தில் பலகையாகக் கழன்று விழும். சுவர் என்னவோ அப்போதும் சாய்ந்துதான் நிற்கும். மேற்குச் சுவரை, குண்டு நேராக நிற்கிற வரிசைவரை பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். கட்டி ஒரு மாதத்துக்குள் என்றால் சாந்து முழுதாக இறுகியிராது. இரண்டு ஆள் இரண்டு நாளில் பிரித்துவிடலாம், நல்ல கல் பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். தளம் போட்டபிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இப்படிச் சொல்கிறவனின் வீட்டு யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் தஞ்சாவூரில் நான் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது சட்டமன்றத் தேர்தல் வந்தது. நான்கு நாள் தேர்தல் பணிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், குளியலறைச் சுவர் ஒரே நாளில் பத்து அடி எழும்பியிருந்தது. ஒரு நாளைக்கு மூன்றடி, மிஞ்சினால் நாலடிக்கு மேல் ஏற்றக் கூடாது. அடியில் இருக்கும் பச்சைச் சாந்து மேல்பாரத்தில் பிதுங்கிவிடும். பிதுங்கியிருந்தது. நடுவில் தொப்பை. மேஸ்திரி அதே வாக்கியத்தைச் சொன்னார். தேர்தல் அலுப்பு, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, ‘சரி, போகட்டும்’ என்றேன். ஓடு பதித்து மூன்றாம் வருடம் வரிசையாக நான்கு ஓடு கழன்றது. ஒட்டினோம். மறுபடி கழன்றது. எங்கள் வீட்டில் அதற்குத் தேர்தல் சுவர் என்று பெயர். சோப்புப் பெட்டி மாட்ட ஆணி அடிக்கும்போதெல்லாம் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

உறவைப் பற்றிக் கேட்டீர்கள். வேலையாட்கள் முன்னால் மூத்தாரிடம் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். மேஸ்திரி முன்னால் தலை குனிய நேர்ந்த ஒப்பந்தக்காரர் சுவரைப் பிரிக்க மாட்டார், வீம்புக்கு நிற்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். மாமியாரும் உடன் இருக்கட்டும். சாப்பாடு முடிந்தபின் இருட்டட்டும். டார்ச்சை மாமியார் கையில் கொடுத்துச் சுவரில் பிடிக்கச் சொல்லுங்கள். வெளியே நிற்கும் மூத்தாருக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஷார்ஜாவில் இருப்பவரும் அந்த நேரத்தில் தொலைபேசியில் இருப்பது நல்லது. “நீ தம்பி பொண்டாட்டி, உனக்கென்ன தெரியும்” என்ற பேச்சு எழாது.

பிறகு ஒரு குறிப்பேட்டில் மூன்று வரி: மேற்குச் சுவரைப் பிரித்துக் கட்டுவது, குறி போட்ட கல்லை மாற்றுவது, இனி வரும் கல்லைப் பார்த்தபின்பே இறக்குவது. தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். இது முடிந்த அன்றே 4 லட்சமும் கிடைக்கும் என்று சொல்லுங்கள். அவரும் காளவாய்க்குக் கடன் வைத்திருப்பார். அதனால் பிரிப்பதற்கான கூலியை மட்டும் முன்பணமாகக் கேட்டால் கொடுக்கலாம், தவறில்லை. மொத்தத் தொகையில் ஐந்து சதவீதத்தைக் குடிபோய் ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவையுங்கள். அரசு வேலையில் நாங்கள் எல்லா ஒப்பந்தக்காரருக்கும் அப்படி நிறுத்திவைத்தோம். ஒருவரும் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகவில்லை.

கடைசியாக ஒன்று. லிண்டலைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே மட்டும் துண்டு துண்டாகப் போடாமல், எல்லாச் சுவர்களின் மேலும் ஒரே பட்டையாகச் சுற்றி ஓடவிடுங்கள். கம்பியும் சிமெண்டும் கொஞ்சம் கூடும். கஜாவைப் பார்த்த உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஒன்றுக்கு ஆறு கலவை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. மேஸ்திரி பாண்டில் (இரும்புச் சட்டியில்) அள்ளிப் போடுகிறார். சரியாகப் போடுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், துறையூர்

பதில்: பாண்டில் அள்ளினால் மேஸ்திரிக்கே தெரியாது. சிமெண்ட் பாண்டு தலைதட்டி வரும், மணல் பாண்டு கோபுரமாக வரும். ஆறு என்று எண்ணுவது எட்டாகியிருக்கும்.

தச்சரிடம் சொல்லி அடியும் மூடியும் இல்லாத ஒரு பெட்டி செய்யுங்கள். பக்கத்துக்குப் பிடி வைத்துக்கொள்ளலாம். உள்ளளவு 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம். இது 35 லிட்டர். 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கன அளவும் அதுவே. பெட்டியைத் தரையில் வைத்து மணலை நிரப்பி, மேலே பலகையால் வழித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினால் ஒரு பங்கு. ஆறு முறை தூக்கி ஒரு மூட்டை சிமெண்டைப் பிரித்துக் கொட்டினால் ஒன்றுக்கு ஆறு. யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

4½ அங்குலச் சுவர் இருந்தால் அதற்கு ஒன்றுக்கு நான்கு கலவை போடச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிய கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, காலையில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றிக் கிளறுகிறார்களா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். அப்படிக் கிளறிய கலவையில் பெட்டிக் கணக்கெல்லாம் வீண்.

கேள்வி: ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லையும் செங்கல் போலத் தொட்டியில் ஊறவைக்க வேண்டுமா? எங்கள் கொத்தனார் ஒருவர் வேண்டும் என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார்.
– ஓய்வு பெற்ற ஆசிரியை, தாராபுரம்

பதில்: வேண்டாம் என்பவர் சொல்வது சரி. கட்டுவதற்குச் சற்று முன் தண்ணீர் தெளித்தால் போதும். ஊறவைத்தால் கல் வழுக்கும், காயும்போது சுருங்கிப் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழும்.  ஃபிளை ஆஷ் கல்லுக்கு வயதையும் கேட்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்து ஒரு வாரத்தில் லாரியில் ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று, நான்கு வாரமாவது நனைந்து இறுகிய கல்லா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் ஒரு நிறுவனத்திடம் தனி வீடு வாங்கிக் குடிவந்து 20 மாதம் ஆகிறது. தூணும் சுவரும் சேரும் இடத்திலெல்லாம் நெடுக்காக வெடிப்பு. உத்திரத்துக்கு அடியில் படுக்கையாக வெடிப்பு. கூடத்துச் சுவரில் அடியிலிருந்து இரண்டடிவரை வெள்ளையாக உப்புப் பூக்கிறது. நிறுவனத்தார் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. வீடு இடிந்துவிடுமா?
– வாசகர், மறைமலைநகர்

பதில்: நீங்கள் சொல்லும் வெடிப்புகளால் இடியாது. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. இரண்டும் சேரும் இடத்தில் பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் வருமாறு கோழிவலை அடித்துப் பூசியிருக்க வேண்டும், அடித்திருக்க மாட்டார்கள். உத்திரத்துக்கு அடியில் வருவது அவசரத்தின் வெடிப்பு. சுவர் உட்கார நாலைந்து நாள் விட்டுக் கடைசி வரிசையை இறுக்கிச் செருக வேண்டும். ஒரே மூச்சில் செருகிவிட்டால், சாந்து சுருங்கிச் சுவர் கீழே இறங்கும், உத்திரம் மேலேயே நிற்கும், நடுவில் கோடு விழும். வெடிப்பை ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, வலை பதித்துப் பூசினால் தீரும். தூணிலோ உத்திரத்திலோ வெடிப்பு ஓடினால் அது வேறு கதை. உடனே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

உப்புப் பூப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படலம் போடவில்லை, அல்லது போட்டதை உடைத்துவிட்டார்கள். பெயிண்ட்டை மாற்றி மாற்றி அடித்துப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

நீங்கள் வாங்கிய மனைத் திட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாகவோ எட்டு வீட்டுக்கு மேற்பட்டதாகவோ இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அது ‘ரெரா’ (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவுக்கு உட்பட்டது. 2016-ம் வருடத்துச் சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையோ வேலைத் தரக் குறையோ தெரியவந்தால், எழுதிக் கொடுத்த 30 நாளில் விற்றவர் உங்களிடம் பணம் வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். தொலைபேசியை விட்டுவிடுங்கள். படங்களோடு, ஒப்புகை கிடைக்கும் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். 30 நாள் கழிந்ததும் ரெரா ஆணையத்தில் புகார் கொடுங்கள்.

சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டியவர்களுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம்வரை என்றால் மாவட்ட ஆணையம்; இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். மேலே பேராவூரணி வட்டத்துச் சகோதரியை இந்த வழிக்கு நான் அனுப்பவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பச்சைச் சுவருக்கு வழக்கு தேவையில்லை, கடப்பாரை போதும்.

கேள்வி: நான் 22 வருடமாகக் கொத்தனார். உங்கள் பகுதியைத் தவறாமல் படிக்கிறேன். எல்லாக் குறையையும் எங்கள் தலையிலேயே போடுகிறீர்கள். கல் ஊறவைக்கத் தொட்டி கட்டித் தாருங்கள் என்றால் வீட்டுக்காரர் முகத்தைச் சுளிக்கிறார். சுவரை நனைக்க ஆள் போட மாட்டார். “நேற்று அந்த வீட்டில் ஆயிரம் கல் வைத்தார்களாமே” என்பார். எலக்ட்ரீஷியன் வந்து 4½ அங்குலச் சுவரைப் படுக்கையாக வெட்டிவிட்டுப் போவார், வெடித்தால் கொத்தனார் சரியில்லை என்பார்கள். இதையும் எழுதுவீர்களா?
– கொத்தனார் ஒருவர், மன்னார்குடி

பதில்: எழுதியாகிவிட்டது, நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு வரியையும் வெட்டவில்லை.

ஒரு கொத்தனார் பக்கச்சந்து நிரப்பி, நூல் பிடித்து, நாலு வரிசைக்கு ஒரு தரம் குண்டு பார்த்துக் கட்டினால் ஒரு நாளில் 500, 600 கல்தான் ஓடும். ஆயிரம் கல் வைக்கச் சொல்லும் வீட்டுக்காரர், சந்தில் வரும் வெயிலை விலை கொடுத்து வாங்குகிறார். ஒரு மூட்டை சிமெண்ட் மிச்சம் என்று மகிழ்வார், தொட்டிக்கு 200 கல் செலவு என்று புலம்புவார். அந்த 200 கல்லையும் வேலை முடிந்தபின் பிரித்துச் சுற்றுச்சுவருக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த முறை சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்வார். மின்வேலைக்காகச் சுவரைப் படுக்கையாக வெட்டுவது பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. செங்குத்தாக, அதுவும் இயந்திரத்தால் மட்டும் வெட்ட வேண்டும். அரைக்கல் சுவரில் படுக்கை வெட்டு என்பது சுவரைப் பாதியாக அறுப்பதற்குச் சமம்.

என் பங்குக்கும் ஒப்புக்கொள்கிறேன். 1996-ல் என் குளியலறையை ஒரே நாளில் ஏற்றியவரை இத்தனை வருடமாகக் குறை சொல்லி வருகிறேன். ‘நான் வருவதற்குள் குளியலறை முடிந்திருக்க வேண்டும்’ என்று தேர்தலுக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டுப் போனவன் நான்தான்.

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரத்துப் பஸ் பயணம். தை பிறந்ததும் அந்தச் சுவரைப் பிரிக்கலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. பத்திரிகை அலுவலகத்தில் என் எண்ணை வாங்கிக்கொண்டு பேசுங்கள். தொட்டி கட்டி, முதல் நாளே கல்லை ஊறப்போட்டு வைத்திருப்பேன். மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.